ஆற்றையா அடிப்பாய்?

இராமன் காட்டுக்குப் போக வேண்டும் என்ற சேதி காதில் விழுந்ததும் இலக்குவன் வில்லை எடுத்து நாணேற்றிவிட்டான். அண்ணன் வந்து என்ன சொல்கிறான்? ஆற்றில் தண்ணீர் வற்றினால் அது ஆற்றின் குற்றமா தம்பி என்கிறான். அப்பா மேல் தப்பில்லை, அம்மா மேல் இல்லை, பரதன் மேலும் இல்லை, விதியின் பிழை. அயோத்தியா காண்டத்தில் கம்பர் வைத்த இடம் இது.

வேலைக்குப் போகிற பிள்ளைகள் கேட்கிறார்கள்: "விதி மேல பழியைப் போட்டா யாருக்குமே பொறுப்பில்லேன்னு ஆயிடுமே சாமி?" நல்ல கேள்வி. ஆனால் விதிக்கு இன்னொரு பொருளும் உண்டே! உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறதே, அந்த விதி. கம்பர் இதை நினைத்துப் பாடவில்லை, நான்தான் இழுக்கிறேன். பண்டிதர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சம்பராசுரப் போரில் உதவிய கைகேயிக்கு இரண்டு வரம் கொடுத்தான் தசரதன். என்ன கேட்கலாம், எதுவரை கேட்கலாம்? வரத்துக்கு ஒரு வரம்பு வைக்கவில்லை. கதவு வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்தது. ஒருநாள் கூனி நுழைந்தாள். இன்றுவரை நாம் கூனியைத்தான் திட்டுகிறோம்.

வானத்திலும் இதே கதைதான் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். வயிறு தரையில் தேயும். 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். 1943-இல் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கு ஒரு விசை, இறக்கை மடிப்புக்கு ஒரு விசை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல், பக்கத்தில் பக்கத்தில்! களைத்த கை எதைத் தொடும்? சக்கர விசையின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றைப் பொருத்தச் சொன்னார். மற்றதற்கு ஆப்பு வடிவம். அந்தத் தவறு அடங்கியது. இன்றைக்கும் விமானங்களில் அந்தக் கைப்பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

இவ்வளவு எளிய வேலையை ஏன் முன்பே செய்யவில்லை? விமானியைத் தண்டிக்க ஒரு கடிதம் போதும். விசையை மாற்றினால் அதை வரைந்தவர், சரி என்றவர், கையெழுத்துப் போட்டவர் எல்லோரும் தலைகுனிய வேண்டும். விசாரிக்க உட்காருகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தானே! உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தை இருளோடு ஒப்பிடுகிறார். இருட்டு பொருளை மறைக்கும். ஆனாலும் 'இருட்டாக இருக்கிறது' என்று தெரியும். ஆணவம் தன்னையும் காட்டிக்கொள்ளாது. அதனால்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே எதிரில் நிற்பவனின் தப்பு மட்டும்தான் தெரிகிறது.

போன மாதம் ஓர் அம்மா கண்கலங்கிச் சொன்னார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாம். இராத்திரி வேலையில் மருந்துக் குப்பியை மாற்றி எடுத்துவிட்டாள். நல்லவேளை, ஊசி போடுவதற்குள் கூட இருந்தவள் பார்த்துவிட்டாள். மறுநாளே மகளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "குப்பி ரெண்டுக்கும் ஒரே நிற மூடிங்க சாமி" என்றார்.

குப்பிகளை இடம் மாற்றினார்களா என்று கேட்டேன். இல்லையாம், அதே தட்டில்தான் இருக்கின்றனவாம்.