நியதியும் நிகழ்தகவும்

ஒன்றையொன்று ஈர்த்தியங்கும் பல பொருள்களின் வருங்கால நிலையைக் கணித்தறிதற்கு வானூலார் இருவேறு நெறிகளைக் கைக்கொள்ளுகின்றனர். ஒவ்வொரு பொருளையும் ஏனையவெல்லாம் ஈர்க்கும் விசையைத் தனித்தனியே கணக்கிட்டு, அதன் செலவை அடியடியாகத் தொடர்ந்து செல்வது ஒன்று. இதனை நியதிநெறி என்பாம். நிகழக்கூடிய பலவற்றுள் ஒவ்வொன்றும் எத்துணை நிகழற்பாலதென்று அளந்து கூறுவது மற்றொன்று. இதனை நிகழ்தகவுநெறி என்பாம். பின்னையது, உலகம் நியதியின்றித் தற்செயலாய் நடைபெறுகின்றதென்று கொள்வதாகுமோ என்னும் ஐயம் கற்றார் சிலர்க்கும் நிகழ்கின்றமையின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

ஈர்ப்புவிதியை நியூட்டன் 1687-இல் வெளியிட்டனர். இரண்டே பொருள்களாயின் அவற்றின் வழி முழுதும் ஒரு வாய்பாட்டில் அடங்கும். மூன்றாயின் பொதுவாக அங்ஙனம் அடங்காது. எனினும், கதிரவன் மறைப்பு நிகழுங் காலத்தைப் பல்லாண்டுகட்கு முன்னரே கூறுதற்கு நியதிநெறியே போதியதாம். காலம் நீளுந்தோறும் நிலைமை வேறாகின்றது. பூமி முதலிய உட்கோள்களின் நிலையில் நேர்ந்த சிறுபிழை ஒரு கோடி யாண்டிற் பத்து மடங்காகப் பெருகுமென்று இலாசுகர் என்பார் 1989-இற் கணித்துக் காட்டினர். இன்று பதினைந்து மீட்டராயுள்ள பிழை, பத்துக்கோடி யாண்டிற் பதினைந்துகோடி கிலோமீட்டராய் விடும். அஃதாவது, ஞாயிற்றுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவளவாகும்.

இனி, பத்து இலட்சம் விண்மீன்கள் செறிந்த கொத்தொன்றிற்கு ஒவ்வோரடியிலும் ஏறத்தாழ ஐம்பதினாயிரங்கோடி இணைகளைக் கணக்கிடல் வேண்டும். இவ்விடர்ப்பாடு நோக்கியே, விண்மீன்கள் தம்முள் அணுகிக் கடத்தலான் விளையும் மாற்றங்களைக் குலுக்கலெண்களாற் பெறும் முறையொன்றை எனோன் என்பார் 1971-இல் வகுத்தனர். அம்முறையிலும் ஈர்ப்புவிதி விலக்கப்பட்டதின்று; மாற்றத்தின் அளவு அவ்விதியினின்றே பெறப்படுவதென்க.

இலாசுகரும் காசுதினோ என்பாரும் 2009-இற் செய்த ஆராய்ச்சி இதனை மேலும் விளக்கும். அவர்கள் புதனது வழியளவில் ஒன்றற்கொன்று 0.38 மில்லிமீட்டரே வேறுபடும் 2501 தொடக்கங்களை வைத்து, ஐந்நூறுகோடி யாண்டு வரை கணித்தனர். ஏறத்தாழ நூற்றிலொரு கணக்கிற் புதனின் வழி பெரிதும் நீண்டு, அது வெள்ளியோடேனும் ஞாயிற்றோடேனும் மோதற்கு இடந்தரும் நிலை எய்திற்று. இவற்றுள் ஒவ்வொரு கணக்கும் நியதிநெறிப்பட்டதே. அனைத்தையும் ஒருங்குவைத்து நோக்கியவழியே நிகழ்தகவு தோன்றிற்று.

அற்றேல், புதன் ஒன்றே, அது செல்லும் வழியும் ஒன்றேயாக, நூற்றிலொன்று என்றல் யாங்ஙனம் பொருந்துமெனின், கூறுதும். அவ்வளவு புதனிடத்துள்ள தன்மையன்று. புதனை யறியும் நம்மறிவின் எல்லையாம். அறிவானது குறையை அறியப்படும் பொருளின்மேலேற்றி, நியதியே இல்லையென்றல் பிழை. அவ்வாறே, 2501-இல் ஒன்றை மட்டும் எடுத்து, இதுவே நிகழுமென்று துணிதலும் பிழையேயாம். மாலையிருளிற் கயிறோ பாம்போ என நிற்பது ஐயம்; பாம்பே எனத் துணிவது திரிபு. ஐயமுடையான் விளக்குக் கொணர்தற்கு எழுவான். திரிபுடையான் கோல் கொண்டு அடிப்பான்.

ஆகலின், நிகழ்தகவு கூறுவான் நியதியை மறுத்தவனல்லன்; தன்னறிவு எவ்வளவினதென்று கேட்பார்க்கு ஒளியாது உரைத்தவனேயாவன். பூமி அழியுமென்று அச்சுறுத்துவானும், அழியவே அழியாதென்று உறுதிகூறுவானும் அவ்வளவை மறைத்தலின், தம்மை நம்பினாரை ஒருங்கே வஞ்சித்தவராவர். அறிந்ததை அறிந்த அளவிற் கூறுதல் வானூலார்க்கேயன்றி, பிறர்க்கு ஒன்றை யுரைக்கப் புகுவார் யாவர்க்கும் கடனாமென்க.