சொல்லும் கொலையும்

கொலை கொடிது என்பதை நம்மவருள் மறுப்பார் இலர். ஆயினும், ஒரு கொலைச் செய்தி காதில் விழும்போது நாம் துக்கிக்கிறோமா, அல்லது "வேண்டியதுதான்" என்று தலையசைக்கிறோமா என்பது பெரும்பாலும் இறந்தவனுக்கு இடப்பட்ட பெயரைப் பொறுத்தே அமைகிறது. தொழிலாளி செத்தான் என்றால் நெஞ்சு பதறுகிறது. கொள்ளைக்காரன் செத்தான் என்றால் நிம்மதி பிறக்கிறது. செத்தவனோ ஒருவனே! அப்படியாயின், அப்பெயரை இட்டவர் யார்? ஆராயாமல் அதை ஏற்றுக்கொண்ட நமக்கு அக்கொலையில் பங்கு உண்டா, இல்லையா?

இதற்குச் சான்று தேடி அயல்நாடு போகவேண்டுவதில்லை. அன்று மலாயா எனப்பட்ட, நம் முன்னோர் பால்மரம் வெட்டிய இம்மண்ணிலேயே உண்டு. 1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் நாடெங்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அக்காலத்தில் விமானங்கள் காட்டின்மீது குண்டு பொழிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எனினும் அதற்குப் 'போர்' என்ற பெயர் இடப்படவில்லை. போரென்று சொன்னால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காப்புறுதிக் கம்பெனிகள் நஷ்டஈடு தரமாட்டா என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஆயுதம் தாங்கிக் காட்டில் இருந்தவர்களைச் சர்க்கார் முதலில் 'கொள்ளையர்' என்றது. 1952-இல் அச்சொல்லைக் கைவிட்டுக் 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்' என வழங்கச் செய்தது. மனிதர் மாறவில்லை; உத்தரவு மாறியது, பெயரும் மாறிவிட்டது!

அப்பெயர் செய்த வேலையைப் பாருங்கள். 1948 டிசம்பர் 11, 12 ஆகிய நாட்களில், சிலாங்கூரில் பத்தாங் காலிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். பெண்டு பிள்ளைகள் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டனர், குடிசைகள் கொளுத்தப்பட்டன. பத்திரிகையில் வந்ததோ, கொள்ளையர் மாண்டனர் என்ற வெற்றிச் செய்தி. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்பது சர்க்காரின் விளக்கம். அடுத்த மாதமே, தப்பியோடுவோரைச் சுட இடமளிக்கும் விதியொன்று, முன்பு நடந்த செயல்களுக்கும் பொருந்துமாறு இயற்றப்பட்டது. கொலை முதலில் நடந்தது. பெயர் அதன்பின் வந்தது. சட்டம் கடைசியில் வந்து சேர்ந்தது.

1970-இல், அப்படையில் இருந்தோர் சிலர், இறந்தவர் தப்பியோடவில்லை என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையின் வாயிலாக உலகறியச் சொன்னார்கள். அதன்பேரில் தொடங்கிய விசாரணை, அவ்வாண்டே ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. 2012-இல் லண்டன் உயர் நீதிமன்றம், வேண்டுமென்றே கொன்றதற்குச் சான்று உண்டு என ஒப்பியும், பகிரங்க விசாரணைக்கு ஆணையிட மறுத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஒரு நாளில் அச்சேறிய சொல்லை அழிக்க அறுபத்தேழு ஆண்டுகள் போதவில்லை!

நம்மவர் ஒருவரையும் நினைத்துப் பார்ப்போம். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிருக்காக இந்திய அரசாங்கம் பரிந்து பேசியது. ஆட்சியாளருக்கு அவர் பயங்கரவாதி. தொழிலாளருக்கு அவர் தலைவர். கயிறு ஏறிய கழுத்து ஒன்று. அதற்குப் பெயர் இரண்டு.

இவ்விஷயத்தில் காட்டிலிருந்தோரும் குற்றமற்றவரல்லர். தமக்கு இணங்காத எளியவர்களை அவர்களும் கொன்றார்கள். கொல்லுமுன் 'ஓடும் நாய்கள்' என்று பெயரிட்டார்கள். நாய் என்று சொல்லிவிட்டால், மனிதனைக் கொன்றோமே என்ற உறுத்தல் ஒழிந்துவிடும் அல்லவா? சர்க்காரின் கையிலாயினும், அதை எதிர்ப்போர் கையிலாயினும், பெயர் செய்யும் தொழில் ஒன்றே.

"எப்பெயரும் இடாமல் செய்தி எழுதுவது எங்ஙனம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நாம் வேண்டுவது ஒரு பாகுபாடு. 'சுட்டான்' என்பது செயலைக் கூறும் சொல்; கண்டவர் இருந்தால் எழுதலாம். 'கொள்ளையன்' என்பது தீர்ப்பு. இருபக்கமும் கேட்ட பின்னரே சொல்லத்தக்கது. தீர்ப்பைச் செய்தியின் தலைப்பிலேயே அச்சிட்டுவிட்டால், பின்னர் விசாரணைக்கு வேலை ஏது? கோவலனைக் கொன்றது வாள் மட்டுமன்று. பொற்கொல்லன் இட்ட 'கள்வன்' என்னும் பெயரும், அதை ஆராயாது ஏற்ற அரசனின் செவியுமாகும். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது உண்மை விளங்கியது, உயிர் மீளவில்லை.

அப்பாண்டியனுக்காவது அதிகாரம் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது என்று சோர்வுற வேண்டா. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்பது நம் தோட்டங்களில் இருந்த வழக்கம். படிப்பவர் ஒரு சொல்லில் நின்று, "இதைக் கண்டவர் யார்? இறந்தவர்க்கு ஊரும் பேரும் இல்லையா? அவர் வீட்டாரை யாரேனும் கேட்டார்களா?" என்று வினவியிருந்தால், கேட்டவர்களும் சற்றே நின்று எண்ணியிருப்பார்கள். இன்று செய்தி அவரவர் கைப்பேசியில் வருகிறது. ஒரு விரலசைவில் அதை நூறு பேருக்கு அனுப்புகிறோம். அன்று ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். இன்று நாம் ஒவ்வொருவரும் படித்துக் காட்டுகிறவராகிவிட்டோம். ஆதலின், அம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை, இறந்தவனை மனிதன் என்ற பெயராலேயே அழைப்போமாக.