இல்லத்தில் வேரூன்றிய செபம்

கிறிஸ்தவ மரபில் ஆன்மீகப் பயிற்சி எனப்படுவது, செபம், இறைவார்த்தை வாசிப்பு, நோன்பு, மனச்சாட்சிச் சோதனை, பிறர் பணி ஆகியவற்றைக் குறித்த நேரத்தில், மனநிலை இசைந்தாலும் இசையாவிட்டாலும், தொடர்ந்து செய்துவரும் ஒழுங்காகும். இவ்வொழுங்கு ஞாயிறு திருப்பலியோடு தொடங்கி அதனோடு முடிந்துவிடுவதாகப் பலர் கருதுகின்றனர். திருப்பலி கிறிஸ்தவ வாழ்வின் உச்சம் என்பதில் ஐயமில்லை; எனினும், வாரத்தின் ஏனைய ஆறு நாள்களில் வீட்டுக்குள் வேர்விடாத பக்தி, ஆலயக் கதவு அடைபடும் நாளில் தாக்குப்பிடிப்பதில்லை. இதனை இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றைப்போல் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டுக்கு மாற்றப்பட்டன. குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை வளர்ந்து முடியும் காலம், கரையோர மக்கள் நிலையான குருவோ முறையான திருப்பலியோ இன்றி வாழ்ந்தனர். அக்காலத்தில் நம்பிக்கை பிழைத்திருந்த இடம் வீடுதான். விளக்கேற்றிய பின் தாய் சொல்லிக்கொடுத்த மந்திரங்களும், மறைவாக வைக்கப்பட்ட சிலுவையும், மெல்லிய குரலில் சொல்லப்பட்ட செபமாலையுமே அம்மக்களின் மறைக்கல்வியாகவும் வழிபாடாகவும் அமைந்தன.

கோவாவில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கியபோது, யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகக் கேட்டறிய அவருக்கு வழியிருக்கவில்லை. ஆகவே அவர் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை எடுத்துச் சென்று, அம்மாலையைக் கண்டவர்களின் முகக்குறிப்பைக் கொண்டு தம் மக்களை இனங்கண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது. இச்செய்தி பொதுவாக அடிகளாரின் துணிவுக்கும் கூர்மதிக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் அதில் மறைந்திருக்கும் மற்றொரு உண்மைக்கு அதைவிடக் கூடுதலான மதிப்புண்டு. குருவைக் கண்டே அறியாத ஒரு தலைமுறை அந்த மாலையை அடையாளம் கண்டுகொண்டதென்றால், இருண்ட வீடுகளுக்குள் அது நாள்தோறும் கையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வந்தவர் புனிதர், ஆனால் அவர் வருவதற்கு முன்பே நெருப்பு அணையாமல் காக்கப்பட்டிருந்தது.

சில்லாலையைத் தங்குமிடமாகக் கொண்டு பணியைத் தொடங்கிய அடிகளார், தாம் மீண்டும் ஊருக்கு வர மாதங்கள் பல ஆகும் என்பதை அறிந்திருந்தமையால், செபத்தை நடத்தவும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும் சாகும் தறுவாயில் இருப்போருக்குத் துணைநிற்கவும் பொதுநிலையினரையே நம்பினார். அண்ணாவியார் என்றும் மூப்பர் என்றும் அழைக்கப்பட்ட இவர்களே ஊர்த் திருச்சபையின் முதுகெலும்பாயினர். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், குரு இல்லாத இடத்திலும் வாசிக்கத்தக்க நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். தவக்காலத்தில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்புக்காலத்தில், இயேசுவின் பாடுகளைத் தியானிப்பதற்கென அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாக உரக்க ஓதப்பட்டு வந்துள்ளது.

இவை பழங்கதைகளாகத் தோன்றலாம். ஆனால் 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தபின், கொழும்பு உயர்மறைமாவட்டத்தில் ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டு, மக்கள் தொலைக்காட்சி வழியே வழிபாட்டில் பங்குகொள்ள நேர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே பெருந்தொற்று ஊரடங்கு வந்து, 2020இன் உயிர்ப்பு விழாவும் வீடுகளுக்குள்ளேயே கழிந்தது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தையின் மாடிக்குடியிருப்புகளிலும், நாள்தோறும் செபமாலை சொல்லிப் பழகிய குடும்பங்களுக்கு அந்த வாரங்களில் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தது. பழகாத குடும்பங்களோ, துயரத்தின் நடுவே முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அன்றாட வாழ்வில் இப்பயிற்சிகளுக்கு இடம்காண்பது புதிய முயற்சியன்று. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் இறைக்கட்டளைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று இணைச்சட்ட நூல் இஸ்ரயேலரைப் பணிக்கிறது. தொடக்கத் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்குநூல்களுள் ஒன்றான தீதாக்கே, இயேசு கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்றுமுறை சொல்லப் பணிக்கிறது. காலை, நண்பகல், மாலை என மும்முறை ஆலய மணி ஒலிக்க, மங்கள வார்த்தையை நினைந்து சொல்லப்படும் திரிகாலச் செபமும் இதே உணர்வில் வளர்ந்தது. களுபோவிலயிலிருந்து கோட்டைக்கு வேலைக்குச் செல்பவர் காலி வீதியின் நெரிசலில் பேருந்தில் நின்றபடி அச்செபத்தைச் சொல்வாராயின், அவர் மரபுக்கு உள்ளேயே நிற்கிறார். ஏனெனில் அது தொடக்கத்திலிருந்தே வேலையை நிறுத்தி எங்கோ செல்வதற்கன்று, வேலையின் நடுவே ஒரு நிமிடம் இறைவனை நினைப்பதற்காகவே ஏற்பட்டது.

நேரமில்லை என்பது இக்காலத்தவர் கூறும் முதற்காரணம். அவர்களுக்கு மிகப் பொருத்தமான பயிற்சி, லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகள் என்ற நூலில் வகுத்த ஆத்தும சோதனையாகும். ஆத்தும சோதனை என்பது, அந்த நாளில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறி, தன்னை உள்ளபடி காணும் ஒளியை வேண்டி, விழித்தது முதல் நடந்தவற்றை மணிவாரியாக நினைவுகூர்ந்து, தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கான ஓர் உறுதியோடு முடிப்பதாகும். இதற்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் போதும். நன்றி முதலில் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று; குற்றப்பட்டியலோடு தொடங்குபவர் சில நாள்களிலேயே சோர்ந்து கைவிடுவார், பெற்றதை எண்ணித் தொடங்குபவரோ தம் குறையையும் அச்சமின்றிப் பார்க்கத் துணிவார். பிள்ளையிடம் சினந்து பேசியதும், கடையில் தவறுதலாகக் கூடுதலாகக் கிடைத்த மீதிப்பணத்தைத் திருப்பாமல் வந்ததும், உதவி கேட்டு வந்த அழைப்பை எடுக்காமல் விட்டதும் இங்கே வெளிச்சத்துக்கு வருகின்றன. ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லும்போது நினைவுக்கு வராத இச்சிறு செயல்களில்தான் மனிதரின் குணம் உருவாகிறது.

இறைவார்த்தை வாசிப்பில் சீர்திருத்த சபைகளின் மரபு கத்தோலிக்கருக்குக் கற்பிப்பது மிகுதி. இரவு உணவுக்கு முன்னோ பின்னோ வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை வாசித்துக் குடும்ப ஜெபம் செய்யும் வழக்கம், மெதடிஸ்த, ஆங்கிலிக்க, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் வீட்டையே பாடசாலையாக்கியது. அதிகமாக வாசிப்பது இங்கு நோக்கமன்று. வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவனில் அமைந்திருத்தல் என்று 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ வகுத்த நான்கு படிகளின்படி, சில வசனங்களே ஒரு மாலைக்குப் போதுமானவை.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் விடுதல் முறையன்று. செவ்வாய்தோறும் கொச்சிக்கடைக்குக் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் திரண்டு வந்து மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைப்பது, கொழும்பு நகரின் மிக அழகிய காட்சிகளுள் ஒன்று. துன்புற்றவர் கேட்பதற்கு உரிமையுடையவர். ஆயினும், விசா கிடைக்கும்வரை, பரீட்சை முடியும்வரை, நோய் தீரும்வரை மட்டும் நீடித்துப் பின் நின்றுவிடும் பக்தி, தேவையோடு பிறந்து தேவையோடு மறைகிறது. கேட்டது கிடைத்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமையில்தான் பயிற்சி தொடங்குகிறது.

செபம் உண்மையானதா என்பதை அறிய யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வே மீண்டும் துணைசெய்கிறது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, அரசனும் பலரும் நகரைவிட்டு அகன்றனர். கைவிடப்பட்ட நோயாளருக்கு அடிகளார் உணவு சமைத்துக் கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். பல ஆண்டுகள் நள்ளிரவிலும் விடியலிலும் செபத்தில் பழகியவருக்கு, அந்நாள் வந்தபோது என்ன செய்வதென்று புதிதாக ஆராய வேண்டியிருக்கவில்லை. இறக்கும் வேளையிலும், வாழ்நாளில் செய்யாததை மரணத்தறுவாயில் செய்வது அரிது என்ற கருத்தையே அவர் தம் துணைவர்களுக்கு அறிவுரையாக விட்டுச்சென்றார் என்பர். 1711 ஜனவரி 16இல் காலமான அவரை, 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

களுபோவிலயில் வாழும் குடும்பங்களுக்கு இப்பணி தொலைவில் இல்லை. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அவர்களின் அண்டையிலேயே இருக்கிறது. தூர மாவட்டங்களிலிருந்து வருவோரும், சிங்களம் அறியாத முதியோரும் அங்கு சிகிச்சைக்கு வருவதுண்டு. தம் உறவினரைப் பார்க்கச் செல்லும் ஒரு குடும்பம், பார்வையாளர் நேரத்தில் எவரும் வராத அடுத்த கட்டில்காரரிடம் இரண்டு வார்த்தை பேசி, தாதி கூறியதை அவருக்குத் தமிழில் விளக்கி, அவர் விரும்பினால் மட்டும் சிறு செபம் சொல்லித் திரும்பலாம். அன்றிரவு ஆத்தும சோதனையில் நன்றி கூறும்போது அவருடைய பெயரும் சேர்த்துச் சொல்லப்படுமாயின், மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவருக்கும் ஒரு குவளை கஞ்சி கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணம் அச்செபத்திலிருந்தே எழும்.