பரிந்து பேசுதல்

இதமான வார்த்தை என்றாலே சந்தேகப்படுவது நம் வழக்கமாகிவிட்டது. கறாராகப் பேசுவது நேர்மை, தட்டிக்கொடுப்பது சமரசம் என்ற எண்ணம். பாராட்டு பண்டமாற்றாகிப்போன சூழலில் இந்தச் சந்தேகம் இயல்பானதுதான். ஆனால் இதத்தையும் உண்மையையும் எதிரெதிரே நிறுத்துவது சரிதானா? கிறிஸ்தவ மரபு இந்தப் பிரச்னையை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது.

யோபின் நண்பர்கள் மூவரும் அவனுடைய துயரத்தைக் கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள், காரியம் கெட்டது. துன்பத்துக்குக் காரணம் இருக்கும், கடவுள் நீதி தவறார், திருந்தினால் வாழ்வு மீளும். பொதுவில் யாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய கருத்துக்கள்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடலெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்லப்படும்போது அவை கல்லெறியாகின்றன. முடிவில் கடவுளின் கோபம் திரும்புவது முறையிட்ட யோபின் மீது அல்ல. கடவுளின் கட்சி பேசிய இவர்கள் மீது. வேளை தவறிய உண்மை பொய்யாகவும் கூடும்.

இதற்கு மறுபக்கம் பர்னபா. சைப்ரஸ் தீவைச் சேர்ந்த லேவியன். யோசே என்ற அவனுக்கு, ஆறுதலின் மகன் என்று பொருள்படும் இந்தப் பெயரை இட்டவர்கள் அப்போஸ்தலர்கள். இயேசுவின் சீடர்களை வீடு வீடாகத் தேடிச் சிறையிலடைத்த சவுல், மனம் மாறி எருசலேமில் அவர்களோடு சேர வந்தபோது ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பயம் நியாயமானதே. பர்னபா மட்டும் அவனை அப்போஸ்தலரிடம் அழைத்துப் போகிறான். அங்கே அவன் பேசியதாக நடபடிகள் தரும் குறிப்பில் ஓர் அடைமொழிகூடக் கிடையாது. வழியில் சவுல் கர்த்தரைக் கண்டது, கர்த்தர் அவனோடு பேசியது, தமஸ்குவில் அவன் துணிந்து பிரசங்கித்தது, இவ்வளவே. புகழ்ச்சியின் இடத்தில் சாட்சி. சவுல் ஒற்றனாக இருந்திருந்தால் பர்னபாவின் பெயரும் சேர்ந்தே அழிந்திருக்கும்.

இங்கே ஆறுதல் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் பராக்ளேசிஸ். அருகே அழைத்தல் அதன் வேர்ப்பொருள். அதே வேரில் பிறந்த பராக்ளேத்தோஸ் என்ற சொல்லைத் தமிழ் பைபிள் யோவான் சுவிசேஷத்தில் தேற்றரவாளன் என்றும், யோவானின் முதல் நிருபத்தில் பரிந்து பேசுகிறவர் என்றும் பெயர்த்திருக்கிறது. தேற்றுவதும் ஒருவனுக்காக வழக்காடுவதும் ஒரே காரியம் என்பதை இந்த இரண்டு பெயர்ப்புகளும் சேர்ந்து காட்டுகின்றன.

சவுல் பவுலானபின், முந்தைய பயணத்தில் பம்பிலியாவில் தங்களை விட்டுப் பிரிந்துபோன மாற்கை மறுபடி சேர்த்துக்கொள்ள மறுக்கிறான். அதிலும் நியாயம் உண்டு. பர்னபா விட்டுக்கொடுக்கவில்லை. வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிகிறார்கள். மாற்கு உறவினன், ஆகவே இது உறவுப் பாசம் எனலாம். ஆனால் சவுல் அவனுக்கு எந்த வகையில் உறவு? மாற்கை அழைத்துக்கொண்டு சைப்ரஸுக்குக் கப்பலேறுகிறான். அதற்குப்பின் நடபடிகளில் பர்னபா இல்லை. கதை பவுலோடு போய்விடுகிறது. அவன் கொடுத்த விலை இது.

பவுலின் பெயரில் வழங்கும், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், சிறையிலிருப்பவன் மாற்கை அழைத்துவரச் சொல்கிறான். தன் ஊழியத்துக்கு அவன் உதவுவான் என்கிறான். சவுலுக்குப் பர்னபா சாட்சி சொன்னது நடந்து முடிந்த செயல்களைக் கொண்டு. மாற்கு விஷயத்தில் அப்படிக் காட்ட ஒன்றுமில்லை. இருந்த ஒரே ஆதாரம் அவனுக்கு எதிரானது. சில உண்மைகள், யாராவது முந்திக்கொண்டு நம்பினால்தான் உண்மையாகின்றன போலும்.

மாற்கு தேறியபின் அவனைப் பாராட்ட யாராலும் முடியும். நினைவு மலர்களில் நாம் செய்வது அதைத்தான்.