‘காற்று எடுத்தாச்சு’ என்று சொன்னால் போதுமா?



தர்மம் என்றதும் நமக்குப் பெரிய காரியங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ரத்த தானம், கோயில் திருப்பணி, ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவு. எல்லாம் நல்லதுதான். ஆனால் நான் கேட்க நினைக்கும் கேள்வி கொஞ்சம் சின்னது. யாரும் பார்க்காத, யாருக்கும் தெரியப் போகாத ஒரு வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்ய நாம் கடமைப்பட்டிருக்கிறோம்? அந்தக் கடமை யாருக்கு?

நான் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்த வேலையை வைத்தே பேசுகிறேன். பவர் ஸ்டியரிங்கில் புகுந்துவிட்ட காற்றை வெளியே எடுக்கும் வேலை.

பழைய லோரி, லேண்ட் ரோவர், வேன் பலவற்றில் ஸ்டியரிங்கை இலேசாக்குவது எண்ணெய்தான். இஞ்சின் ஓடும்போது பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப ஓட்டுநருக்குக் கை கொடுக்கும். எண்ணெயை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது என்று வைத்துக்கொள்ளலாம். காற்று அப்படியில்லை, அழுத்தினால் சுருங்கிவிடும். எண்ணெயோடு காற்று கலந்தால் பம்ப் முனகும், எண்ணெய் நுரைத்துப் பால் மாதிரி வெளுக்கும், ஸ்டியரிங் ஒரு நேரம் இலேசாகவும் ஒரு நேரம் கனமாகவும் இழுக்கும். ஸ்டியரிங் அடியோடு வேலை செய்யாமல் போய்விடாது. இரும்புத் தண்டும் பல்லும் இருக்கின்றன, பலம் போட்டால் திரும்பும். ஆனால் வளைவில் கைக்குக் கிடைக்க வேண்டிய உதவி சரியான நொடியில் கிடைக்காது.

காற்றை எடுப்பது கஷ்டமான வித்தை இல்லை. முன்சக்கரங்களை ஜேக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்த வேண்டும். எண்ணெய்த் தொட்டியை அந்த வண்டிக்கு உரிய எண்ணெயால் அளவுக் கோடு வரை நிரப்ப வேண்டும். இஞ்சினை முடுக்காமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மெதுவாக, பதினைந்து இருபது தடவை திருப்ப வேண்டும். குமிழி மேலே வரும், எண்ணெய் மட்டம் இறங்கும், மறுபடியும் ஊற்ற வேண்டும். பிறகு இஞ்சினை முடுக்கி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் அதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டும். கோடியில் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் சூடாகிக் கெட்டுப்போகும். நுரை கட்டியிருந்தால் இஞ்சினை நிறுத்திவிட்டு, அது அடங்கும் வரை சும்மா காத்திருக்க வேண்டும். குமிழி நின்று, இஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால்தான் காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

இதோடு வேலை முடிந்ததா? இல்லை. காற்று தானாக உள்ளே வராது. தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கலாம், ஹோஸ் வெடித்திருக்கலாம், எங்காவது எண்ணெய் கசிந்து மட்டம் குறைந்திருக்கலாம். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்காவிட்டால், இன்று எடுத்த காற்று சில நாளில் திரும்பவும் வந்துவிடும்.

கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் மலையில் எப்போதும் அவசரம்தான். பறித்த கொழுந்தை மூட்டையிலேயே போட்டு வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். லோரி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாருக்கோ நஷ்டம். “தம்பி, ஓடினா போதும், சீக்கிரம் விடு” என்று சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அவருக்கும் மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நுரையை மட்டும் போக்கி, சாவியைக் கொடுத்து, “காற்று எடுத்தாச்சு அண்ணே” என்று சொல்லிவிடலாம். அது பொய்யா? சொல்லுக்குச் சொல் பார்த்தால் உண்மைதான். காற்றை எடுத்தாகிவிட்டது. கசிவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாய்மை என்றால் என்ன என்று வள்ளுவரும் ஓர் அதிகாரத்தில் கேட்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று மட்டும் அவர் பதில் தரவில்லை. யாருக்கும் சிறிதும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், என்னுடைய ‘காற்று எடுத்தாச்சு’ தேறாது. வார்த்தை சரி, ஆனால் அதை நம்பி ஒருவர் மலை இறங்கப் போகிறார்.

“வண்டி அவருடையது, காசு அவருடையது, அவரே போதும் என்கிறாரே, உனக்கென்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தன் உயிரைப் பற்றி மட்டும் என்றால் அவர் முடிவெடுக்கட்டும். ஆனால் வண்டியை அனுப்பச் சொல்பவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர். பக்கத்து இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரும் பாதை முழுக்க வளைவுதான். தோட்டத்துக்குள் போகும் பாதை அதைவிடக் குறுகல், எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்த எதிர் வண்டியில் இருப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. காசு கொடுப்பவர் தன் பணத்தை விட்டுக்கொடுக்கலாம், கேட்கப்படாதவர்களின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது. என் கடமை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2025 மே 13-ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் ஒன்பது பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி இறந்தார்கள். அந்த லோரியின் ஸ்டியரிங் பழுது விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. அது வெறும் காற்றுப் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. நம் திருவிழா நல்லபடியாக நடக்கக் காவல் நின்றவர்கள் அவர்கள். அந்த லோரியை யார் பழுது பார்த்தார், பார்க்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பட்டறைக்காரன் கடமைப்பட்டிருப்பது இப்படி முகம் தெரியாதவர்களுக்குத்தான்.

இன்னொரு சாக்கும் உண்டு, அது நம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. “கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே, மத்ததெல்லாம் ஆண்டவன் பார்த்துக்குவான்.” கீதையை இப்படிச் சுருக்கி, அரைகுறை வேலைக்குப் போர்வையாக்கிவிடுகிறோம். விடச் சொன்னது எனக்குக் கிடைக்கும் பலன் மேல் உள்ள ஆசையை. புகழ், பாராட்டு, கூடுதல் கூலி. அடுத்தவருக்கு வரும் விளைவைப் பற்றிக் கவலைப்படாதே என்று அங்கே சொல்லவில்லை. செயலில் திறமையையே யோகம் என்று சொல்லும் நூல் அது.

ஆயுத பூஜை அன்று எங்கள் பட்டறையிலும் ஸ்பேனருக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்துவோம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கருவியைக் கும்பிடுவது, இதில் மனித உயிர் தொங்குகிறது என்று ஒத்துக்கொள்வதுதான். ஒத்துக்கொண்ட பிறகு மறுநாள் கிளிப்பைத் தொட்டுப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தால், கும்பிட்டதற்கு என்ன அர்த்தம்?

சரி, நடைமுறையில் என்ன செய்வது? முதலாளி அவசரப்படுத்துகிறார், வாடிக்கையாளரிடம் காசு இல்லை, நாம் சம்பளத்துக்கு நிற்கிறோம். எல்லா நேரமும் வண்டியைப் பிடித்து வைக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வாயைத் திறக்க அதிகாரம் இருக்கிறது. “காற்றை எடுத்திருக்கேன். ஆனா ஹோஸ் கசியுது, மாத்தாம மலை இறங்காதீங்க” என்று ஓட்டுபவர் காது கேட்கச் சொல்லலாம். பில்லிலும் எழுதிக் கொடுக்கலாம். அனுப்பியவர் கோபித்துக்கொள்ளலாம், அடுத்த தடவை வேறு பட்டறைக்குப் போகலாம். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதிதான் என்று நான் நினைக்கிறேன். நஷ்டமே இல்லாத நேர்மை எல்லாருக்கும் சுலபம்.

இது பட்டறைக்காரனுக்கு மட்டும் சொன்னதில்லை. மருந்து அளக்கும் தாதி, கணக்கு எழுதும் கிராணி, விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், மின்கம்பி இழுக்கும் தம்பி, எல்லாருடைய வேலையிலும் மூடிய பிறகு வெளியே தெரியாத ஓர் இடம் உண்டு. உங்கள் வேலையில் அது எது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த தடவை அவசரம் நெருக்கும்போது, அந்த இடத்தை நம்பிப் போகப் போகிறவர் ஒருவரை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. நுரை அடங்கும் வரை காத்திருக்க அது போதும்.