போய் வரும் உரிமை

கடல் கடந்தவன் கெட்டான் என்றது சாத்திரம். சாதியினின்றும் ஒருவனை வீழ்த்தும் குற்றங்களை அடுக்கிச் சொல்லும் பௌதாயன தருமசூத்திரம், அந்த அடுக்கிலே முதலில் நிறுத்தியது கடற்பயணத்தை! பார்ப்பனன் பொருளைக் களவாடுவதும், நிலத்துக்காகப் பொய்ச்சான்று பகர்வதும் அதற்கு அடுத்தபடியிலே! 1888இல் சட்டம் பயில இலண்டன் புறப்பட்ட காந்தியாரை, கப்பலேறும் முன்னரே சாதியை விட்டு விலக்கினர் அவர்தம் இனத்தார். 1914இல் கணிதமேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் செல்ல இசைவதற்குள் எத்தனை தயக்கம், எத்தனை தடுமாற்றம்! உலகம் போற்றிய அந்த மேதை 1920இல் மறைந்தபோது, கடல் கடந்த குற்றத்துக்காக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வராது ஒதுங்கினர் என்று அவர் வாழ்க்கையை ஆய்ந்தோர் எழுதுகின்றனர்.

இன்றைய நிலை என்ன? தூதரக வாயிலில் வரிசையில் முன்னே நிற்பது அந்த வைதிகத்தின் வாரிசுகளே! ஐதராபாத்தை அடுத்த சில்குரில் உள்ள பெருமாளுக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர். பதினொரு சுற்று வேண்டுதலுக்கு, நூற்றெட்டுச் சுற்று நன்றிக்கு! கடலைத் தாண்டாதே என்று சாத்திரம் உரைத்த சாமியே, இன்று கடல் தாண்டக் கையொப்பம் இடுகிறார்! வசதி வந்ததும் வேதம் வளைந்துவிட்டது. வளையட்டும், நமக்கு மகிழ்ச்சியே. நாம் பேச வந்தது அதனினும் ஆழமான ஒன்றைப்பற்றி.

பட்டப்படிப்பின் நடுவே ஓராண்டு பிற நாட்டில் பயின்று திரும்பும் வழக்கம் மேலை நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தோன்றியது. முதல் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய கிர்க்பிரைடு எனும் பேராசிரியர், 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரையொருவர் அறியாத மக்களே ஒருவரையொருவர் கொல்லத் துணிவர் என்பதை அவர் போர்முனையிலே கண்டிருக்கக்கூடும். ஐரோப்பிய நாடுகள் 1987இல் எராசுமசு திட்டம் தொடங்கி இதனை மாணவர் பெரும்படையின் வழக்கமாக்கின. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022இல் விதி வகுத்தது: இரட்டைக் கூட்டுப் படிப்பில் சேரும் மாணவன், பட்டத்துக்குரிய மதிப்பெண் அலகுகளில் நூற்றுக்கு 30 பங்கு வரை வெளிநாட்டில் ஈட்டலாம். மூன்றாண்டுப் படிப்பில் ஏறத்தாழ ஓராண்டு.

இந்த ஓராண்டின் பயன் யாது? ஆங்கிலம் நுனிநாக்கில் ஆடுவதா? பனிப்பொழிவில் நின்று படமெடுப்பதா? நூலறிவு வேண்டுமெனில் நூலகம் போதும்; கணிப்பொறி போதும். வேற்று நாடு தரும் பாடம் வேறு. பிறந்தது முதல் 'இதுவே உலக இயற்கை' என்று நம்ப வைக்கப்பட்ட ஒன்று, நாலாயிரம் கல் தள்ளி இல்லவே இல்லை என்று கண்ணாரக் காண்பதே அந்தப் பாடம். அங்கே சாதி கேளாது பெண் கொடுக்கின்றனர். வானம் இடிந்து விழவில்லை. விதவை மறுமணம் செய்கிறாள், மழை பொய்க்கவில்லை. கல்லூரி முதல்வரும் கதவு காப்பவரும் ஒரே மேசையில் உண்கின்றனர், ஒழுங்கு குலையவில்லை. வழக்கம் வேறு, இயற்கை வேறு எனும் அறிவு கண்வழியே புகும்போது அதைப் பெயர்த்தெடுக்க எந்தப் புராணத்தாலும் ஆகாது.

பெரியார் அப்படி ஓராண்டு பயின்றவரே! பல்கலைக்கழகத்தில் அல்ல, பள்ளிப் படிப்பையே இளமையில் விட்டவர் அவர். 1931 டிசம்பரில் சென்னையில் கப்பலேறி 1932 நவம்பரில் திரும்பினார். எகிப்து, துருக்கி, சோவியத்து நாடு, செருமனி, இங்கிலாந்து, இசுபெயின் எனப் பல நாடு கண்டார். திரும்பிய அடுத்த மாதமே சிங்காரவேலருடன் கலந்து ஈரோட்டுத் திட்டம் தீட்டினார். தேர்வும் பட்டமும் இல்லாத அந்தப் பதினோரு மாதம், எத்தனை பட்டதாரிகளின் இருபதாண்டுப் படிப்புக்கு ஈடு!

எனினும், கப்பலேறினாலே கண் திறந்துவிடும் என்று நாம் மயங்குவதற்கில்லை. பெட்டிக்குள் ஊறுகாயோடு சாதியையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர். ஊறுகாய் தீர்ந்துவிடும்; சாதி தீருவதில்லை! 2020இல் கலிபோர்னியா மாநில அரசே ஒரு கணிப்பொறி நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. 2023இல் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யச் சட்டம் இயற்ற நேர்ந்தது. நாம் உலகுக்கு ஏற்றுமதி செய்த பண்டம்!

இன்னொன்றும் உண்டு. போனவன் மாறினாலும் ஊர் மாறுவதில்லை. அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவியால் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். நியூயார்க்கில் அவரை எவரும் தீட்டென்று விலக்கவில்லை. 1917இல் பரோடாவுக்குப் பணி செய்யத் திரும்பியபோது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். தடியெடுத்து வந்தோர் அவரை வெளியேற்றினர். அந்த அவலத்தைப் பின்னாளில் எழுதிய குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர் அமைந்தது. பிறந்த நாட்டில் வாழ்வதற்கு அனுமதிச்சீட்டு கிட்டாதவனின் தலைப்பு அது!

அவர் 1916இல் கொலம்பியாவில் ஒரு கருத்தரங்கில் படித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப்பற்றியது. தாழ்த்தப்பட்ட மாணவர் வெளிநாடு சென்று படிக்க 1950களிலிருந்து நடுவண் அரசு உதவித்தொகை அளித்து வருகிறது. 2022இல் அதற்குப் புது விதி போட்டனர்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு அந்தத் தொகை இல்லை! அம்பேத்கரின் கட்டுரைத் தலைப்போடு ஒரு மாணவன் அந்த வாயிலுக்கு வந்தால் திரும்பிப்போ என்பர். உன் நோயைத் தொலைவில் நின்று ஆராயாதே என்பதன்றி இதற்கு வேறு பொருள் உண்டோ?

இவ்வளவும் போக முடிந்தவர்களைப்பற்றிய பேச்சு. இனிக் கீழ்புத்துப்பட்டுக்கு வருவோம்.

மரக்காணத்திலிருந்து புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளங்களைத் தாண்டித் தெற்கே வந்தால் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீசுவரர் அய்யனார் கோயிலுக்காக ஊரின் பெயரை அறிந்தோர் பலர். அதே ஊரில் ஈழத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது என்பதை அறிந்தோர் சிலர். இந்தக் கரையின் பழமை பெரிது. சங்க நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று காணும் ஆய்வாளர் உண்டு. மரக்கலம் போய் வந்த கரை! அந்தக் கரையில்தான், எங்கும் போய் வர இயலாத ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறது.

1983க்குப் பிறகு அலை அலையாய் வந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். இலங்கையைக் கண்டதே இல்லாதவர் பலர். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்கள்; தமிழ்நாட்டுத் தேர்வெழுதித் தேறியவர்கள். 2021இல் தமிழ்நாட்டரசு 'அகதி முகாம்' எனும் பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்றது. வீடு கட்டவும் கல்விக்கும் தொகை ஒதுக்கியது. பாராட்டுகிறோம். ஆனால் கடவுச்சீட்டு தருவது கோட்டையன்று, தில்லி.

தில்லியின் சட்டம் என்ன சொல்கிறது? 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாய் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கோ, மற்றவரும் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருத்தல் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்ட பின்னரே கடவுச்சீட்டு பெற முடிந்தது. அவருக்குப் பின் ஈராண்டு கழித்து அதே முகாமில் பிறந்த தம்பிக்கு? இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிசுதான், வங்காளதேசம், ஆப்கானிசுதான் மூன்றையும் எண்ணியது; இலங்கையை எண்ண மறந்தது. மறந்ததா, மறுத்ததா? 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத் தமிழரைக் கடவுச்சீட்டு இல்லாமைக்காகத் தண்டிக்கப்போவதில்லை என்றது. தண்டனை இல்லை, தாளும் இல்லை.

ஆக, அந்த மாணவன் யார்? உப்புக் காற்றில் பிறந்தான். கடலைத் தாண்டியதே இல்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவன் வெளிநாட்டான். அருகிலுள்ள கல்லூரியில் மூன்றாண்டு படித்தால், மூன்றாண்டும் அவன் 'வெளிநாட்டுக் கல்வி' பயில்கிறான்! வீட்டிலிருந்து பேருந்தேறி வெளிநாட்டில் படித்துவிட்டு, மாலையில் வெளிநாட்டிலேயே உறங்குகிறான்! மற்றவர்க்கு ஓராண்டு, இவனுக்கு ஆயுள் முழுதும்! இந்த வேடிக்கையைக் கண்டு அறிவுலகம் நகைக்காதா?

அதே சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே போங்கள். காலாப்பட்டில் நடுவண் பல்கலைக்கழகம். அதற்கப்பால் புதுவை நகரம். 1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் வாய்ப்பளித்தது. எழுதிக் கொடுத்தோரின் பேரப்பிள்ளை இன்று நினைத்த நாளில் பாரிசு செல்லலாம், படிக்கலாம், திரும்பலாம். அவனும் தமிழன், இவனும் தமிழன். இடையே சில கல் தொலைவு. ஒருவனுடைய பாட்டனுக்குத் தேர்ந்துகொள்ள ஆறு திங்கள் தந்தது உலகம். மற்றவனுடைய பாட்டனுக்குத் தந்தது ஓர் இரவும் ஒரு படகும். புதுவை இளைஞன்மீது நமக்குக் குறையேதும் இல்லை. இருவரில் எவனும் தன் தகுதியால் தன் நிலையை ஈட்டவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். தகுதியால் வராது பிறப்பால் வரும் உயர்வு தாழ்வுக்கு நம் இயக்கம் ஒரு பெயர் வைத்திருக்கிறதே!

"கடவுச்சீட்டைச் சாதியோடு ஒப்பிடலாமா? நாடென்றால் எல்லை வேண்டாவா?" என்பர் சிலர். நியாயமான கேள்வி, நழுவிச் செல்ல மாட்டோம். எல்லை வேண்டும். வெளியிலிருந்து வருபவரை எண்ணவும் ஆராயவும் அரசுக்கு உரிமை உண்டு. சாதிக்குப் புராணத்தைத் தவிர ஆதாரமில்லை. எல்லைக்கோ ஆட்சி, வரி, வாக்கு எனும் காரணங்கள் உண்டு. இந்த வேறுபாட்டை ஒப்புகிறோம். ஆனால் உள்ளேயே பிறந்தவனை எந்த எல்லையில் நிறுத்தி ஆராய்வது? அவன் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவன் தொட்டிலைச் சுற்றிக் கோடு கிழித்தது. அந்த இடத்தில் எல்லைக்குரிய காரணங்கள் தீர்ந்துபோகின்றன. எஞ்சுவது, இன்னாருக்குப் பிறந்தான் எனும் ஒன்றே. மநு சொன்ன காரணமும் அதுதான்.

"இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் கடவுச்சீட்டு பெறட்டுமே" என்பது அடுத்த வாதம். பெறுவோர் உளர். ஆனால் அதைக் கொண்டு இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி பெற்றுப் போனவன், முகாமில் உள்ள தாயிடம் திரும்பி வர முடியும் என்பதற்கு உறுதி எங்கே? இங்குதான் நாம் எடுத்த பொருளின் உயிர்நிலை இருக்கிறது. வாயிற்படியில் நின்று 'போகிறேன்' என்று சொல்லத் தமிழன் கூசுவான்; 'போய் வருகிறேன்' என்பான். ஓராண்டு வெளிநாட்டுக் கல்வியின் இலக்கணமே அந்த 'வருகிறேன்'தான். திரும்பும் வீடு உடையவனுக்கே அந்த ஓராண்டு கல்வி. திரும்ப வீடில்லாதவனுக்கு அது இன்னொரு பெயர்ச்சி. அவனுடைய பெற்றோர் முன்பே ஒருமுறை பெயர்ந்தவர்கள். மலையகத்திலிருந்து வந்த குடும்பமானால், 1948இல் குடியுரிமை பறிபோனதும் சேர்த்து எண்ணவேண்டும்.

"உள்ளூர் ஏழைக்கே வெளிநாட்டுக் கல்வி எட்டாதபோது அகதிக்கு எதற்கு?" என்று நம் தோழர்களிடையிலும் முணுமுணுப்பு எழக்கூடும். ஏழையைத் தடுப்பது பணம். உதவித்தொகை கொடுத்தால் அந்தத் தடை நீங்கும். முகாம் மாணவனுக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகமே முழுத்தொகை அளித்தாலும் வானூர்தியில் ஏற இயலாது. இரண்டு தடையையும் உடைப்பதே முறை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது முறையன்று.

வழி இல்லையா? இருக்கிறது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, அகதிக்குப் பயணத்தாள் வழங்கச் சொல்கிறது. இந்தியா அதில் ஒப்பமிடவில்லை. ஒப்பமிடாமலே அந்த வேலையைச் செய்தும் வருகிறது: திபெத்திய அகதிகளுக்குக் கடவுச்சீட்டு அலுவலகமே 'அடையாளச் சான்று' எனும் சிறு புத்தகம் வழங்குகிறது. திரும்பி வரத் தடையில்லை எனும் இசைவும் அவர்களுக்குக் கிட்டுகிறது. அதைக் கொண்டு திபெத்திய இளைஞர்கள் அமெரிக்கா சென்று பயின்று வந்துள்ளனர். இமயத்தைத் தாண்டி வந்தவனுக்கு ஆவது, பாக் நீரிணையைத் தாண்டி வந்தவனின் மகனுக்கு ஏன் ஆகாது?

குடியுரிமைப் போர் நெடியது, அது நடக்கட்டும். அதுவரை இந்த மாணவர் காத்திருக்க முடியாது. இருபது வயது காத்திருப்பதில்லை. புதுச் சட்டம் வேண்டா. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையும் வேண்டா. திபெத்தியருக்கு வழங்கும் அந்தச் சான்றையும் திரும்பும் இசைவையும் பதிவு பெற்ற ஈழத் தமிழ் மாணவருக்கும் வழங்குக என்று ஓர் ஆணை போதும். இவ்வாண்டு வெளிநாடு புறப்படும் தோழர்களே, கல்லூரி மன்றங்களில் இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் புறப்படுங்கள். சென்று சேரும் பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றத்திலும் அதைப் படியுங்கள். முகாமிலிருந்து விண்ணப்பிப்பவனிடம் கடவுச்சீட்டு எண்ணைக் கேட்கும் கட்டம் அந்தப் பல்கலைக்கழகங்களின் படிவத்திலும் இருக்கிறது.