விலக்கும் விரதமும்

கொள்ளைநோய் பரவிநிற்கும் காலத்தில், மதுச்சாலையின் கதவைத் திறந்துவைக்கலாம், உள்ளே கணப்பு மூட்டலாம், வருகிறவர்களுக்கு உணவும் காபியும் பரிமாறலாம், ஆனால் மதுவை மட்டும் ஒரு துளியும் கொடுக்கலாகாது என்று ஓர் அரசு கட்டளையிடுமானால், அந்தக் கட்டளையை எந்த இனத்தில் சேர்ப்பது? அது தண்டனையா, சிகிச்சையா, அல்லது ஒரு சமூகம் முழுவதும் ஏற்கும்படி வேண்டப்பட்ட விரதமா? 2020 அக்டோபர் 7-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் எடின்பரோவில் தமது பாராளுமன்றத்தின் முன் அறிவித்த ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. அவ்வாரத்து வெள்ளிக்கிழமை மாலை 6 மணி முதல், கிளாஸ்கோவும் எடின்பரோவும் அடங்கிய நடுப்பகுதியில் மதுச்சாலைகள் மூடப்பட்டன. ஏனைய பகுதிகளில் அவை காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை திறந்திருக்கலாம், ஆயினும் கூரைக்குக் கீழே மது கிடையாது. திறந்த வெளியில் இரவு 10 மணி வரை அருந்தலாம். 16 நாட்களுக்கென்று சொல்லப்பட்ட ஏற்பாடு பின்னர் நவம்பர் 2 வரை நீண்டது.

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்து, 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, இச்செய்தி காதில் விழுந்தவுடன் 'நல்லதுதானே' என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. மதுவைப் புகழ்ந்து பேச எனக்கும் நா எழாது. ஆனால் சேலத்து விலக்கையும் ஸ்காட்லாந்தின் கட்டுப்பாட்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. சேலத்தில் ராஜாஜியின் கண்முன் நின்றது குடிப்பவனுடைய வாழ்வும், அவன் மனைவி மக்களின் வயிறும். ஸ்காட்லாந்தில் கருதப்பட்டதோ, பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத ஒருவரின் மூச்சு. முன்னது மனிதனைத் திருத்த எண்ணியது. பின்னது யாரையும் திருத்த வந்ததன்று. திருத்த முயன்றிருந்தால் அந்தக் கணமே தன் நியாயத்தை இழந்திருக்கும். இதை நன்றாக மனத்தில் கொள்ளாமல், நோயைச் சாக்காக வைத்து நெடுநாளைய வெறுப்பைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு; அவர்களோடு சேர்ந்துகொள்ள நான் தயாராக இல்லை.

அப்படியானால் உணவை விட்டு மதுவை மட்டும் தடுப்பானேன்? நோய்க்கிருமி மதுக்கோப்பைக்கும் காபிக் கோப்பைக்கும் வேற்றுமை பாராட்டுவதில்லையே என்று அந்நாட்டு மக்களே கேட்டார்கள். இதற்கு விடை அருந்தும் பொருளில் இல்லை, அருந்தியவனுடைய நிலையில் இருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் ஆபர்டீன் நகரத்து மதுச்சாலைகளை ஒட்டி நோய் கிளம்பிய பிறகு, இத்தகைய இடங்களில் பாட்டுப் போடுவதையும் தொலைக்காட்சியை ஒலிக்கவிடுவதையும் ஸ்காட்லாந்து அரசு நிறுத்தியது. ஒலி மிகுந்தால் பேசுகிறவன் குரலை உயர்த்துவான், கேட்கிறவன் முகத்தை அருகே கொண்டுவருவான் என்பதே காரணம். இரண்டு கோப்பைக்குப் பிறகு மனிதன் செய்வதும் இதையேதான். நாற்காலி சிறிது நகர்கிறது; தோள்மேல் கை விழுகிறது; சற்றுமுன் இரண்டடிக்கு அப்பால் இருந்தவன் காதோடு காதாகப் பேசுகிறான். இவற்றில் பாவம் ஒன்றுமில்லை. மற்றக் காலத்தில் இவை நட்பின் அடையாளங்கள். அக்காலத்தில் இவற்றாலேயே ஒருவன் தன்னை அறியாமல் மற்றொருவன் வீட்டுக் கிழவிக்கு மரணத்தைக் கொடுத்தனுப்பக்கூடும்.

பௌத்தர்களின் விநய பிடகத்தில் இதற்குப் பொருத்தமான கதை ஒன்று இருக்கிறது. கொடிய நாகம் ஒன்றைத் தம் தவவலிமையால் அடக்கிய சாகதர் என்னும் பிக்குவுக்குக் கோசாம்பி நகரத்தார் அன்பின் மிகுதியால் வீட்டுக்கு வீடு மதுவை வார்த்துக் கொடுக்க, அவர் நகர வாயிலில் விழுந்து கிடந்தார். மற்றப் பிக்குகள் தூக்கிவந்து பகவானை நோக்கித் தலையிருக்கும்படி கிடத்தியும், அவர் புரண்டு, பகவானுக்கு நேராகவே கால் நீட்டி உறங்கினார். நாகத்தை வென்ற இவரால் இப்போது ஒரு நீர்ப்பாம்பையேனும் அடக்க முடியுமா என்று புத்தர் கேட்டாராம். மதுவருந்தலைத் தடுக்கும் விதி பிக்குகளுக்கு அதன் பிறகே ஏற்பட்டது. ஐந்து சீலங்களுள்ளும் மது விலக்கப்படுவது, அது அசாக்கிரதைக்கு இடமாகிறது என்ற காரணத்தைச் சொல்லித்தான். சாகதர் தீயவர் அல்லர்; அவருக்கு வார்த்தவர்களும் தீயவர்கள் அல்லர். விழிப்பு நழுவியது, அவ்வளவே. பெருநோய்க் காலத்தின் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நேர்மையான அடிப்படை எனக்குத் தெரியவில்லை.

மறுபுறத்து வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டுமானால் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் செல்ல வேண்டும். அமெரிக்காவில் மெயின் மாநிலம் 1851-இல் இயற்றிய மதுவிலக்குச் சட்டத்தைப் பிரிட்டனிலும் கொண்டுவரச் சிலர் சங்கம் அமைத்து முயன்ற காலத்தில், 1859-இல் வெளிவந்த சுதந்திரத்தைப் பற்றிய தமது நூலில் அவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். விற்பது சமூகத்தைத் தொட்ட செயல் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் விற்பவனைத் தடுப்பதாகச் சொல்லி உண்மையில் வாங்குகிறவனுடைய சுதந்திரத்தையே பறிக்கிறீர்கள் என்று அவர் சுட்டியது இன்றும் கூர் மழுங்காத வாதம். குடிப்பதைக் கடினமாக்கும் பொருட்டே மதுக்கடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது உழைப்பாளி வர்க்கத்தைக் குழந்தைகளாக நடத்துவதாகும் என்றும் அவர் கருதினார். இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் தனக்கு மட்டும் உரிய செயல், பிறரைத் தொடும் செயல் என்று அவர் இழுத்த கோட்டை, மூச்சே தொற்றாக மாறிய காலத்தில் எங்கே போடுவது? மூடிய அறையில் ஒருவன் விட்ட காற்றை மற்றொருவன் உள்ளிழுக்கிறான். அங்கே தனக்கு மட்டும் என்பது இல்லாமற் போகிறது. பிறர்க்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கே ஒருவன்மீது அதிகாரம் செலுத்தலாம் என்ற அவருடைய சொந்தக் கொள்கையே இக்கட்டுப்பாட்டுக்கு இடம் தருகிறது, அவனைச் சீர்திருத்தும் ஆசை அதற்குள் புகாத வரையில்.

அந்த ஆசை புகவில்லையா? அயர்லாந்தின் கதை என்னைச் சஞ்சலப்படுத்துகிறது. 2020 ஜூன் 29 அன்று அங்கே மதுச்சாலைகள் திறக்கப்பட்டபோது, குறைந்தது 9 யூரோ விலையுள்ள உணவை வாங்கி உண்பவனுக்கே மது என்று விதித்தார்கள். சமையலறை இல்லாத சிறு மதுச்சாலைகள் செப்டம்பர் வரை மூடியே கிடந்தன. இங்கிலாந்திலும் டிசம்பரில் நாட்டின் பெரும்பகுதியில் 'கணிசமான உணவு' என்ற நிபந்தனை வந்தது. அவித்த முட்டையின்மேல் கொத்திறைச்சியைப் பூசி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் ஸ்காட்ச் எக் என்ற பண்டம் கணிசமான உணவாகுமா என்று அமைச்சர்கள் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. விழிப்பு நழுவாமல் காப்பதே நோக்கமானால் அளவைக் கட்டலாம், நேரத்தைக் கட்டலாம், ஸ்காட்லாந்தைப்போல் அறவே நிறுத்தலாம். உணவோடு அருந்தினால் போதை தாழும் என்பதும் மெய்தான். ஆனால் விலையை வாயிற்காவலனாக நிறுத்தியபோது, பணமுள்ளவனுடைய கோப்பை விருந்தாகவும், ஒரு கிளாஸ் பீருக்கு மட்டும் சில்லறை வைத்திருக்கும் கிழவனுடைய கோப்பை குற்றமாகவும் ஆகிவிட்டன. இது நோயைத் தடுத்த விதியன்று, மரியாதையைப் பங்கிட்ட விதி.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. முதல் உலகப்போரின்போது, 1915-இல், ஒருவர் மற்றொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே பிரிட்டனில் தடுத்தார்கள். நண்பர்கள் நால்வர் கூடினால் ஆளுக்கொரு முறையாக நால்வருக்கும் சேர்த்து வாங்குவது அந்நாட்டு வழக்கம். தன் முறை வருமுன் எழுந்து போவது இழுக்கு. உபசாரமே குடியைப் பெருக்குகிறது என்று கண்டு அந்த உபசாரத்தின்மேல் சட்டத்தை எறிந்தார்கள். அதிலும், உணவோடு சேர்த்து ஒருவர் விருந்தளித்தால் தடையில்லை என்று விலக்கு வைத்தார்கள். நூறாண்டு கடந்தும் மேசைவிரிப்புள்ளவனுக்கே சலுகை என்பது மாறவில்லை.

இனி, நான் விரதம் என்று சொன்னதன் பொருள். 2020 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்துத் திருச்சபை, நற்கருணை வழிபாட்டில் எல்லாரும் ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சை ரசம் பருகுவதை நிறுத்தியது. முழங்காலிட்டவரின் உதட்டருகே குருவானவர் வெள்ளிக் கிண்ணத்தைச் சாய்ப்பார்; அவர் பருகியதும் விளிம்பை வெண்துணியால் துடைத்துச் சற்றே திருப்பி, அடுத்தவரிடம் நீட்டுவார். அந்தத் துடைத்தல் போதாது என்று தெரிந்தபோது, விசுவாசிகளுக்கு அப்பம் மட்டும் அளிக்கப்பட்டது. கிண்ணத்தைக் குருவானவர் ஒருவரே பருகினார். இரண்டையும் பொதுமக்களுக்கு அளிக்கவேண்டும் என்று விதித்த 1547-ஆம் ஆண்டுச் சட்டமே அவசியம் நேரும் காலத்துக்கு விலக்கு வைத்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கிண்ணத்துக்காகவே ஹஸ் என்பாரின் வழிவந்த பொஹீமியர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் போர் புரிந்திருக்கிறார்கள். அத்தனை அருமையான ஒன்றைத் தடுத்தபோது எந்த ஆயரும் அதை இழிவென்று சொல்லவில்லை. உயர்ந்த ஒன்றை இழக்கிறோம் என்று துக்கத்தோடு சொன்னார்கள். ஏகாதசியன்று உண்ணாதவர் அன்னத்தைப் பழிப்பதில்லை. மதுச்சாலையைக் குறித்து அரசுகள் பேசியபோது இந்தத் துக்கம் அவர்கள் குரலில் பெரும்பாலும் இல்லை. அத்தியாவசியமற்றது என்று ஒரே அடைமொழியில் தள்ளிவிட்டார்கள்.

அது எவருக்கு அத்தியாவசியமற்றது? மனைவியை இழந்து, மக்கள் வெளியூர் சென்றபின், பகலில் ஒரு மணி நேரம் பெயர் சொல்லி அழைக்கப்படும் இடம் கிராமத்து மதுச்சாலை ஒன்றே என்று வாழ்கிறவர்கள் அந்நாடுகளில் ஏராளம். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது மதுவன்று. அது கடையில் கிடைத்தது, வீட்டில் தனியே அருந்தத் தடையில்லை. பறிக்கப்பட்டது கூட்டுறவு. ஸ்காட்லாந்தில் மது நேரடிக் காரணமான மரணங்கள் 2019-இல் 1,020. மதுச்சாலைகள் நெடுங்காலம் மூடிக்கிடந்த 2020-இல் அவை 1,190. ஓராண்டுக் கணக்கைக்கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துச் சொல்லலாகாது என்பதை அறிவேன். ஆனால் மதுச்சாலையைக் கட்டினால் மதுவையே கட்டியதாகும் என்று மகிழ்ந்தவர்கள் இந்த எண்களின் முன் சிறிது நேரம் நிற்கவேண்டும்.

விரதத்துக்கு மற்றொரு இலக்கணம், அதை விதித்தவனும் ஏற்றிருக்கவேண்டும் என்பது. 1915 ஏப்ரலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், போர் முடியும்வரை தாமும் தம் அரண்மனையும் மதுவைத் தொடுவதில்லை என்று சபதம் ஏற்றார். தளபதி கிச்சனரும் பின்பற்றினார். பிரதமர் ஆஸ்க்வித் பின்பற்றவில்லை. குடிகள் பெருந்திரளாக மன்னரைத் தொடரவில்லை என்றாலும், கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது. அவருடைய பேத்தியின் காலத்தில், 2020-லும் 2021-லும், லண்டன் டௌனிங் தெருவிலும் அதைச் சூழ்ந்த அலுவலகங்களிலும், மற்றவர்களுக்குத் தடுக்கப்பட்ட கூட்டங்கள் மதுவோடு நடந்தன. பின்னர் 83 பேருக்கு 126 அபராதங்கள் விதிக்கப்பட்டன, பிரதமர் போரிஸ் ஜான்சனும் அவர்களுள் ஒருவர். தந்தையின் மரணப் படுக்கைக்கருகே போக முடியாமல் விதிக்குக் கீழ்ப்படிந்த மகனுக்கு அந்த அபராதத் தொகை என்ன ஈடு? விதி தவறானதாக இருந்ததைவிட, விதித்தவர்கள் அதைத் தமக்குரியதாகக் கருதாததே அதன் உயிரை வாங்கியது.

விரதத்துக்கு முடிவுநாளும் வேண்டும். 1915-இல் போர்த் தொழிலாளர்களுக்காக மதுச்சாலைகளுக்கு விதித்த பிற்பகல் அடைப்பு, போர் ஓய்ந்து, இரண்டாவது போரும் வந்து ஓய்ந்து, இங்கிலாந்தில் வாரநாட்களைப் பொறுத்தவரை 1988 வரை நீடித்தது. ஆபத்துக்காக அளித்த சம்மதத்தை ஆபத்து நீங்கியபின்னும் எழுபது ஆண்டு வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் அரசு அப்படிச் செய்யவில்லை. 16 நாட்கள் என்ற முதற்கணக்கு பொய்த்து மாதக்கணக்காக இழுத்ததும், மதுச்சாலைக்காரர்களுக்கு ஒதுக்கிய 4 கோடி பவுன் உதவி போதவில்லை என்று அவர்கள் குமுறியதும் மெய்யே. ஆயினும், ஒவ்வொரு நீட்டிப்பையும் பாராளுமன்றத்தின் முன் காரணத்தோடு எடுத்துரைத்து, 2021 ஏப்ரல் 26 அன்று வெளிமேசைகளிலும், மே 17 அன்று நாட்டின் பெரும்பகுதியில் கூரைக்குள்ளும் மது பரிமாறும் உரிமையை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.